ஊவாத் தேயிலை ஊவாவிலேயே பொதியாகட்டும்

பதுளைக்குத் தொழிற்சாலை கொண்டுவருவோம் என்று சொல்லாத கட்சி இல்லை. எந்தத் தொழிற்சாலை, யாருக்கு வேலை, என்ன சம்பளம் என்று திருப்பிக் கேட்டால்தான் பேச்சு மழுப்பலாகிவிடும். உள்நாட்டு உற்பத்தியைப் பெருக்கி வேலைவாய்ப்பை உருவாக்குவோம் என்பது இன்றைய அரசாங்கத்தின் பிரகடனம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் காங்கேசன்துறை, மாங்குளம், பரந்தன் ஆகிய இடங்களுக்குக் கைத்தொழில் வலயங்கள் அறிவிக்கப்பட்டன. போரில் நொந்த மண்ணுக்கு அது நியாயமே. அதில் நமக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் மலையகம் என்று வரும்போது மட்டும் அரசின் சிந்தனை நாட்சம்பளத்தைத் தாண்டுவதில்லையே, ஏன்?

2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவானது. 2026 வரவு செலவுத் திட்டம் அதை 1550 ஆக்கி, அரசின் கையிலிருந்து 200 ரூபா வருகைக் கொடுப்பனவும் சேர்த்து 1750 என்றது. வேண்டியதுதான், தாமதமாக வந்ததுதான். என்றாலும் இது ஏற்கெனவே இருக்கும் வேலைக்கான கூலி. உயர்தரம் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளை கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஏறமாட்டாள். ஏறவேண்டும் என்று எதிர்பார்க்க யாருக்கும் உரிமையும் இல்லை. பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்து லயங்களுக்குப் பகலில் போனால் வயசாளிகளையும் சின்னப் பிள்ளைகளையும்தான் அதிகம் காணலாம். இளைஞர்கள் கொழும்பில் கடைகளிலும் சலூன்களிலும் ஹோட்டல்களிலும் நிற்கிறார்கள். தாய்மாரில் பலர் வளைகுடா நாடுகளின் சமையலறைகளில்.

கிராமத்துக்கே தொழிற்சாலையைக் கொண்டுபோகும் யோசனை புதிதல்ல. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைகள் திட்டத்தைத் தொடங்கினார். பின்தங்கிய பிரதேசத்துக்கு வரும் முதலாளிக்கு ஏற்றுமதிக் கோட்டாவில் பங்கு கிடைக்கும். பதிலுக்கு அவர் ஊரிலுள்ள ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் ஏறத்தாழ 500 பேருக்கு வேலை தரவேண்டும். அன்று இதைக் கேலி செய்தவர்கள் உண்டு. நாம் செய்யமாட்டோம். கட்டுநாயக்கவில் வாடகை அறையில் நாலைந்து பேராக ஒடுங்கிக் கிடக்காமல் வீட்டிலிருந்தே வேலைக்குப் போகலாம் என்ற எண்ணம் சரியானது. ஆனால் அந்தத் திட்டம் சாய்ந்து நின்ற தூண்தான் பலவீனம். உலக ஆடைக் கோட்டா முறை 2004 முடிவோடு ஒழிந்தது. கோட்டாவுக்காக மலையேறிய முதலாளிக்கு மலையில் இருக்க வேறு காரணம் இல்லாமல் போயிற்று. துணி வெளிநாட்டிலிருந்து வருகிறது, தைத்த உடுப்பு வெளிநாட்டுக்கே போகிறது. இடையில் அது பதுளைக்கு ஏறி இறங்க வேண்டிய அவசியம் என்ன? 2025 ஏப்ரலில் அமெரிக்கா 44 சதவீதத் தீர்வை என்று அறிவித்து, ஆகஸ்டில் 20 சதவீதத்துக்கு இறங்கிவந்த அந்த நாலு மாதம் ஆடைத் தொழிலை நம்பியிருக்கும் வீடுகள் பட்ட கலக்கம் இன்னும் மறந்துபோகவில்லை.

ஆகவே ஊவாவுக்கு வரும் தொழில், ஊவாவை விட்டுப் போக முடியாத தொழிலாக இருக்கவேண்டும். அது ஏற்கெனவே இங்கே இருக்கிறது, பாதி வழியில் நிற்கிறது.

நாம் மறந்துவிடும் விஷயம் ஒன்று: இந்த மாகாணம் தொழிற்சாலையே காணாத மாகாணம் அல்ல. தோமஸ் லிப்டனின் தம்பேதன்னைத் தொழிற்சாலை 1890இல் எழுந்தது. ஒவ்வொரு பெரிய தோட்டத்திலும் தகரக்கூரை போட்ட ‘ஸ்டோர்’ என்னும் தொழிற்சாலை ஒன்று உண்டு. மடுவத்தில் நிறுத்த கொழுந்து மேல்மாடித் தட்டுகளில் இரவெல்லாம் வாடுகிறது. பிறகு ரோலரில் அரைபட்டு, புளித்து நிறம் மாறி, அடுப்புச் சூட்டில் காய்ந்து, சல்லடையில் பி.ஓ.பி., டஸ்ட் என்று தரம் பிரிகிறது. கொழுந்து தேயிலையாவது முழுக்க முழுக்க இங்கேதான், நம் ஆட்களின் கைகளில்தான். பின் தோட்டத்தின் ‘மார்க்’ அடித்த காகித மூட்டையில் ஏறி லொறி கொழும்புக்கு இறங்குகிறது. 1883 முதல் அங்கே ஏலம். கலப்பது, பையில் அடைப்பது, நூல் கட்டுவது, பெட்டியில் பெயர் அச்சிடுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். கடைத்தட்டில் நிற்கும் விலையின் பெரும்பகுதி உருவாவதும் அந்தக் கட்டத்தில்தான்.

2024இல் தேயிலை ஏற்றுமதி ஈட்டியது ஏறத்தாழ 140 கோடி டொலர். ஆனால் ஏற்றுமதியில் ஐந்தில் இரண்டு பங்கு இன்னமும் பொதி செய்யப்படாத மொத்தத் தேயிலைதான். வெளிநாட்டுக்காரன் அதை வாங்கி, தன் ஊரில் பொதி செய்து, தன் பெயரில் விற்கிறான். இதை எதிர்த்து 1980களில் டில்மாவைத் தொடங்கிய மெரில் ஜே. பெர்னாண்டோ, விளையும் நாட்டிலேயே பொதி செய்தும் உலகச் சந்தையில் நிற்கலாம் என்று நிரூபித்துவிட்டுத்தான் 2023இல் கண்மூடினார். அவருடைய நிறுவனம் பேலியகொடையில் இருக்கிறது. நாட்டுக்குள் வந்த பெறுமதி, மலைக்கு ஏறவில்லை.

ஏற்றுமதியாளர்களிடம் இதற்குப் பதில் உண்டு. பல பிரதேசத் தேயிலைகளைக் கலந்துதான் விற்கவேண்டும், ஏலமும் துறைமுகமும் கொழும்பில், மலைக்கு ஏற்றி இறக்கினால் செலவு கூடும் என்பார்கள். கலப்புத் தேயிலைக்கு அது உண்மை. அதைக் கொழும்பிலேயே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் ஜூலை முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று வீசும் பருவத்தில் இங்கே விளையும் தேயிலையை ஜப்பான்காரரும் ஜெர்மன்காரரும் ஊவா என்ற பெயருக்காகவே வாங்குகிறார்கள். தேயிலைச் சபை அதற்கென்று தனி இலச்சினையே வைத்திருக்கிறது. வேறெதோடும் கலக்கக் கூடாத சரக்கை, கலக்கும் இடத்துக்கு ஏன் அனுப்பவேண்டும்? எல்லவில் ஹல்பேவத்தை தேயிலைத் தொழிற்சாலை சுற்றுலாப் பயணிக்குத் தொழிற்சாலையையும் காட்டி, பொதி செய்த தேயிலையையும் விற்கிறது. சிறிய அளவில் நடப்பதைப் பெரிய அளவில் செய்ய முடியாது என்பதற்குக் காரணம் சொல்லவேண்டியவர்கள் மறுப்பவர்கள்தான்.

ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தின் நோக்கமே நாட்டு வளங்களுக்குப் பெறுமதி சேர்ப்பது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கும் பெறுமதி சேர்த்தலுக்கும் அங்கே தனிப் பட்டமே இருக்கிறது. பட்டம் பதுளையில், வேலை கொழும்பில் என்ற நிலையை அரசு எப்படிப் பொறுத்துக்கொள்கிறது?

ஒரு எச்சரிக்கை. கொள்கை காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்றிருந்தால் எந்தத் தொழிற்சாலையும் நிலைக்காது. புத்தளைப் பெலவத்தையிலும் செவனகலையிலும் சீனித் தொழிற்சாலை வைத்திருக்கும் இதே மாகாணத்துக்கு அது நன்றாகத் தெரியும். 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனியின் வரி கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாக ஒரே அறிவித்தலில் இறங்கியது. கரும்பு நட்ட விவசாயியைக் கேட்டா இறக்கினார்கள்?

நிலம், பாதை என்ற சிக்கல்களும் இருக்கின்றன. தோட்டத்துக்குள் பிரதேச சபை தன் நிதியைச் செலவிடத் தடையாயிருந்த 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. திருத்தம் வந்தும் பல தோட்டப் பாதைகள் குண்டும் குழியுமாகவே கிடக்கின்றன. 2014இல் மீரியபெத்தையைப் புதைத்த மண், 2025 நவம்பரில் டித்வா புயலோடு மாவட்டமெங்கும் மறுபடி சரிந்தது. புதிய கட்டடம் எழுமிடத்துக்குக் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சான்று முதலில் வரட்டும், அடிக்கல் பிறகு நாட்டலாம். நிலம் கிடைக்காது என்ற சாக்கும் எடுபடாது. 1992இல் கம்பனிகளுக்குக் கைமாறிய தோட்டங்கள் குத்தகை நிலங்கள்தான், தவணை 2045 வரைதான். நிலத்தின் சொந்தக்காரன் அரசே. மூடிக்கிடக்கும் ஸ்டோர்களில் பாதுகாப்பானவற்றை மீட்டெடுத்து, தோட்டத்து இளைஞர் கூட்டுறவுகளுக்கும் முதலீட்டாளருக்கும் பங்காகக் கொடுக்க யார் தடுப்பது?

தேயிலை ஏற்றுமதிக்கு எந்த வரிச்சலுகை கொடுத்தாலும் அதை இனி ஒரு நிபந்தனையோடு கொடுக்கவேண்டும் என்பது நமது நிலைப்பாடு. ஊவா என்ற பெயரில் விற்கும் தேயிலை ஊவாவுக்குள் பொதியானால் முழுச்சலுகை, இல்லாவிட்டால் இல்லை. சலுகை பெறுபவர் நிரந்தர நியமனமும் சேமலாப நிதியும் தரவேண்டும். நாள்கூலிக்கு ஆள் பிடித்துக் கணக்குக் காட்டினால் சலுகை திரும்பப் பெறப்படவேண்டும். நேர்முகத் தேர்வு தமிழிலும் நடக்கவேண்டும். பெருந்தோட்ட அமைச்சர் சமந்த வித்யாரத்ன இந்த மாவட்டத்துக்காரர். அம்பிகா சாமுவேலும் கிட்ணன் செல்வராஜும் இதே மாவட்டத்திலிருந்து ஆளுங்கட்சி ஆசனத்தில் அமர்ந்திருக்கிறார்கள். அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கான யோசனைகள் கேட்கப்படும்போது இந்த நிபந்தனை பதுளையின் பெயரில் நிதியமைச்சின் மேசைக்குப் போனதா என்று அவர்கள் மூவரிடமும் கேட்போம்.