கொடைக்கானலில் ஒரு வாரம்! விற்கப் போனால் என்ன விலை?

கடைத்தெருவுக்குப் போகிறோம். சிரித்த முகத்தோடு ஒருவர் வந்து ஒரு சீட்டை நீட்டுகிறார். பெயரையும் போன் நம்பரையும் எழுதிப் பெட்டியில் போடுகிறோம். இரண்டு நாளில் போன் வருகிறது.

"உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது! கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள்.

போனால் காபி, பலகாரம். பெரிய திரையிலே கொடைக்கானல் ஏரி, மூணாறு தேயிலைத் தோட்டம். இரண்டு மணி நேரப் பேச்சு. எழுந்து வரும்போது கையில் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. பரிசோ, நாலு கண்ணாடி டம்ளர்!

இதற்கு 'டைம்ஷேர்' என்று பெயர். ஓய்வு விடுதியில் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமை. 1960-களில் ஐரோப்பாவில் தோன்றிய இந்த வியாபாரம் 1980-களில் இந்தியாவுக்கு வந்தது. இங்கே பெரும்பாலும் 25 ஆண்டு உறுப்பினர் திட்டம் என்று விற்கிறார்கள்.

இது மோசம் என்று சொல்ல வரவில்லை. ஆண்டு தவறாமல் பிள்ளைகளோடு போய்ச் சந்தோஷமாக இருந்துவிட்டு வருகிற குடும்பங்கள் உண்டு. சங்கடமெல்லாம் விற்க நினைக்கும்போதுதான் வருகிறது. பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள். பெரியவருக்கு முழங்கால் வலி, மலை ஏற முடியவில்லை. ஆண்டுக் கட்டணம் மட்டும் தவறாமல் வருகிறது. "மூன்று லட்சம் போட்டோமே, இப்போது ஐந்து லட்சமாவது வராதா?" என்று நினைக்கிறார்.

வராது.

சீசன் டிக்கெட் மாதிரி

நிலம் வாங்கினால் விலை ஏறும். இது நிலம் அல்ல. நம் நாட்டில் பெரும்பாலான திட்டங்களில் ஒரு சதுர அடி மண்கூட நம் பெயருக்கு வருவதில்லை. இது ரயில் சீசன் டிக்கெட் மாதிரி. நாள் போகப் போகத் தேய்ந்துகொண்டே வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரூ.3 லட்சத்துக்கு 25 ஆண்டுத் திட்டம் வாங்கி, 10 ஆண்டு போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். மீதி 15 ஆண்டு. வெறும் கணக்குப்படி ரூ.1 லட்சத்து 80 ஆயிரம். ஆனால் வாங்குகிறவர் அப்படிக் கணக்குப் போட மாட்டார்.

ஆண்டுக் கட்டணம் ரூ.20 ஆயிரம் என்று வைப்போம். அதே ஊரில் நல்ல அறை ஒன்று நாளுக்கு ரூ.4 ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. 7 நாளுக்கு ரூ.28 ஆயிரம். அப்படியானால் அவருக்கு ஆண்டுக்கு மிச்சம் ரூ.8 ஆயிரம்தான். 15 ஆண்டுக்கு ரூ.1 லட்சத்து 20 ஆயிரம். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக வரவேண்டிய லாபம். நடுவில் ஆண்டுக் கட்டணம் உயரலாம். கேட்ட வாரத்தில் அறை கிடைக்காமலும் போகலாம். இதற்கெல்லாம் இன்றைக்கே முழுப் பணத்தையும் யார் எண்ணி வைப்பார்? பாதி கொடுத்தாலே நல்ல விலை. அறை வாடகையை விட ஆண்டுக் கட்டணம் அதிகமாக இருந்தால், சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் வராது. அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கொடுக்கிறேன் என்று விளம்பரம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

நாம் கொடுத்த மூன்று லட்சத்தில் அந்தக் காபி, பலகாரம், விளம்பரம், விற்றவரின் கமிஷன் எல்லாம் அடக்கம். அவை திரும்பி வருமா?

"வணக்கம் சார்!"

இந்த உண்மை தெரியாதவரைத்தான் திருடன் தேடுகிறான். போன் செய்கிறான். நம் பெயர், உறுப்பினர் நம்பர் எல்லாம் சரியாகச் சொல்கிறான்.

"வணக்கம் சார்! பம்பாய்க் கம்பெனி ஒன்று உங்கள் டைம்ஷேரை ஐந்து லட்சத்துக்கு வாங்கத் தயார். பதிவுக் கட்டணம் 18 ஆயிரம் மட்டும் முதலில் கட்டுங்கள். பிறகு அதையும் சேர்த்தே தந்துவிடுவோம்!"

கட்டினால் மறுவாரம் வரி என்பான். அடுத்த வாரம் வக்கீல் பீஸ் என்பான். ஐந்து லட்சம் மட்டும் வரவே வராது.

படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். மெக்சிகோவில் டைம்ஷேர் வைத்திருந்த அமெரிக்கர்கள் சுமார் 6,000 பேர், 2019 முதல் 2023 வரை கிட்டத்தட்ட 30 கோடி டாலர் பறிகொடுத்ததாகப் புகார் செய்தார்கள். இது அமெரிக்க எப்.பி.ஐ. போலீஸ் சொன்ன கணக்கு. போன் செய்தவர்களுக்குப் பின்னால் இருந்தது போதைமருந்துக் கும்பல்!

எப்படி விற்பது?

முதலில் விடுதிக் கம்பெனிக்கே எழுதிக் கேளுங்கள். வேறொருவர் பெயருக்கு மாற்ற என்ன கட்டணம்? பாக்கி எவ்வளவு? வாங்குகிறவருக்கு எல்லாச் சலுகையும் உண்டா? கம்பெனியே திருப்பி எடுத்துக்கொள்ளுமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னது போதாது.

பிறகு சொந்தக்காரர்கள், கூட வேலை பார்த்தவர்களிடம் சொல்லுங்கள். சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பத்துக்குத்தான் இது பயன்படும். தரகர் வந்தால், விற்றுப் பணம் கைக்கு வந்த பிறகே கமிஷன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நம் கணக்கில் பணம் ஏறியதா என்று வங்கியில் பார்த்த பிறகே மாற்றல் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள். இன்னொன்று: செல்போன் மூலம் பணம் வாங்குவதற்கு நாம் ரகசிய நம்பரைப் போட வேண்டியதில்லை. போடச் சொன்னால், நம் கணக்கிலிருந்து பணம் போகப் போகிறது என்று அர்த்தம்.

ஐரோப்பிய யூனியன் 2009-ல் ஒரு விதி செய்தது. டைம்ஷேரை விற்றுத் தருகிறேன் என்கிறவர், விற்பனை முடியும் முன் ஒரு காசுகூட வாங்கக் கூடாது. புதிதாக வாங்கியவர் 14 நாளுக்குள் மனம் மாறினால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். இங்கேயும் இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்பது என் கருத்து. திரும்ப விற்றால் என்ன கிடைக்கும் என்பதையும் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட வைக்க வேண்டும். நல்ல கம்பெனிக்கு இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மூடி மறைக்க வேண்டாம். அன்றைக்கே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதற்குள் வங்கியில் நிறுத்தி வைக்க வழி உண்டு. கம்பெனி மீது குறை இருந்தால் நுகர்வோர் உதவி நம்பர் 1915. வீட்டிலும் சொல்லிவிடுங்கள். ஏனென்றால் சில மாதம் கழித்து இன்னொரு போன் வரும். "நீங்கள் இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் ஐயாயிரம்தான்" என்பார்கள். பேசுவது பெரும்பாலும் அதே கும்பல்தான்.