ஜனவரி 1 யாருடைய நாள்?

ஏறாவூர்ப் பிள்ளைகளின் சுன்னத்து எங்கட பக்கத்தில் இன்னும் ஒரு பகிடிக் கதை. ஆனால் தன்னாமுனைக் கோயிலில் ஜனவரி 1 பூசைக்கு நாங்கள் கேட்கும் லூக்கா நற்செய்தி என்ன சொல்லுது? எட்டாம் நாளில் விருத்தசேதனம் நடந்து, இயேசு என்ற பெயரும் வைக்கப்பட்டது. திருச்சபை நாட்காட்டியில் 1960 வரை அது விருத்தசேதனத் திருநாள்தான்.

யூதர்கள் இன்றைக்கும் ஆபிரகாமின் உடன்படிக்கை என்று, ஓய்வுநாளில் வந்தாலும், எட்டாம் நாளிலேயே செய்கிறார்கள். முஸ்லிம்களுக்கு அதே ஆள் இப்ராஹீம் நபி. சுன்னத்தும் அவர் வழிதான்.

பச்சைப்பிள்ளையின் சம்மதம் இல்லாமல் வெட்டலாமா? தாராளமாக விவாதிப்பம். ஆனால் பகிடி விவாதம் இல்ல. பக்கத்து ஊரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு பெத்லகேம் குழந்தைமேலயும்தான் விழுது.