குப்பியின் மேலெழுத்துச் சான்றாகுமா?

கற்பிட்டித் தீபகற்பத்தின் கடலோரத்தில், புனித அன்னம்மாள் திருத்தலத்தாற் புகழ்பெற்றது தலவில. திருவிழாக் காலத்தில் அங்கு கூடும் அடியவர் நம்பிக்கையோடு வருகின்றனர். அந்நம்பிக்கைக்கு எவரும் சான்று கேட்பதில்லை, கேட்க வேண்டியதுமில்லை. ஆயின், அதே கரையில் மீன் வாங்குபவர் விற்பவரின் சொல்லை மட்டும் நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. செவுளை உயர்த்திச் சிவப்பைப் பார்க்கிறார். சதையை விரலால் அழுத்திப் பார்க்கிறார். வழிபாட்டிற்கு நம்பிக்கை, வாணிகத்திற்குச் சோதனை என்னும் இப்பாகுபாட்டைக் கரையோர மக்கள் நன்கறிவர். அதனை அடிக்கடி மறந்துவிடும் இடம் ஒன்றுண்டு. அது விஞ்ஞான ஆய்வுகூடம்.

கலமென்சவ்வில் அமைந்து, கலத்தினுள் மிகும் கொலஸ்திரோல் முதலிய இலிப்பிட்டுக்களை வெளியேற்றும் புரதம் ஏபிசிஏ1 ஆகும். அது செயலிழப்பின், 'நற்கொலஸ்திரோல்' எனப்படும் எச்.டி.எல். குருதியில் ஏறத்தாழ அற்றுப்போகிறது. இவ்வுண்மைக்கு வழிகாட்டியோரும் ஒரு மீன்பிடிச் சமுதாயத்தினரே. அமெரிக்காவின் செசபீக் குடாவிலுள்ள டான்ஜியர் தீவுக் குழந்தைகள் இருவரிடம் கண்ட செம்மஞ்சள் நிற அடிநாச்சதையிலிருந்தே டொனால்ட் பிரெட்ரிக்சன் குழுவினரின் ஆய்வு தொடங்கிற்று. 1961 இல் அவர்கள் நோயை விவரித்தனர். தீவின் பெயரே நோயின் பெயராயிற்று. 1999 இல் அதற்குக் காரணமான பரம்பரையலகு கண்டறியப்பட்டது.

இன்று இப்புரதத்தைக் காட்டித்தரும் பிறபொருளெதிரிகள் சிறு குப்பிகளில் விற்பனையாகின்றன. ஆயிரக்கணக்கான புரதங்களுக்கிடையே தனக்குரிய ஒன்றை மட்டும் பற்றி, அதனை ஒரு பட்டையாகப் புலப்படுத்துவதே அவற்றின் பணி. ஆனால், உருவொத்த பிறிதொரு புரதத்தைப் பற்றினாலும் பட்டை தோன்றும். பட்டைக்கு வாயில்லை, அதற்குப் பெயரிடுபவன் ஆய்வாளனே. 1975 இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே கலவழியிலிருந்து ஒரே வகைப் பிறபொருளெதிரியைத் தொடர்ந்து பெறும் முறையைக் கண்டனர். 1984 இல் நோபல் பரிசும் பெற்றனர். பொருள் மாறாமல் கிடைப்பதற்கு அம்முறை வழிசெய்தது. கிடைத்த பொருள் சரியான இலக்கைத்தான் பற்றுகிறதா என்னும் வினாவை அது தீர்க்கவில்லை. தரமற்ற பிறபொருளெதிரிகளால் பெருந்தொகை வீணாவதை 2015 இல் பிராட்பரி, புளுக்துன் ஆகியோரும் அவர்களுடன் ஒப்பமிட்ட நூற்றுக்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் 'நேச்சர்' இதழில் கண்டித்தனர்.

'வறிய நாட்டிற்கு இச்சோதனை ஆடம்பரம். தயாரித்தவரே அதற்குப் பொறுப்பு' என்பர் சிலர். இது தலைகீழான வாதம். அந்நியச் செலாவணி கொடுத்துக் குளிர்பொதியில் வரவழைத்த குப்பி பொய்த்தால், மறுகுப்பி வாங்கும் வளம் செல்வந்த நாட்டிற்கு உண்டு, இலங்கைக்கு இல்லை. வறியவனே செவுளைப் பார்த்து வாங்கவேண்டியவன்.

சோதனையும் மறைபொருளன்று. குறித்த பரம்பரையலகு நீக்கப்பட்ட கலங்களையும் இயல்பான கலங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். புரதமே இல்லாத கலத்திலும் அதே பட்டை தோன்றுமாயின் மேலெழுத்துப் பொய். 2016 இல் பன்னாட்டு அறிஞர் குழுவொன்று வகுத்த ஐந்து நெறிகளுள் இவ்வகைச் சோதனையும் ஒன்று. தனித்தனியே இக்கலங்களைப் பெற இயலாத பல்கலைக்கழகங்கள் அவற்றைப் பகிர்ந்துகொள்ளலாம். தேறாத குப்பிகளின் பட்டியலையும் வெளியிடலாம்.

தமிழ் கற்போருக்கு இந்நெறி புதிதன்று. சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடுகள் பலவற்றைத் தேடி ஒப்புநோக்கியே பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். கிடைத்த ஓர் ஏட்டை அப்படியே அச்சேற்றியிருந்தால் உழைப்பு மிஞ்சியிருக்கும், நூல் மிஞ்சியிராது.

இருதய நோய் பல உயிர்களைக் கொள்ளும் இந்நாட்டில், கொலஸ்திரோல் ஆய்வில் நேரும் பிழை ஏட்டோடு நின்றுவிடுவதன்று. அதன்மேல் அடுத்த ஆய்வு எழும்பும், அதன்மேல் மருத்துவமும் எழும்பும். ஆகவே, பிறபொருளெதிரியைச் சோதித்த சான்று இணைக்கப்படாத ஆய்வேட்டைப் பரீட்சகர் திருப்பியனுப்புதல் வேண்டும். அது கடுமையன்று, மீன் வாங்கும் எவரும் நாள்தோறும் செய்வது.