வாடகைக் கவசம் வேண்டாம்

மாறுவேடப் போட்டி என்றவுடன் வாடகைக்கு உடை தேடி ஓடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. சென்ற ஆண்டு சினிமாவில் வரும் இரும்பு மனிதனின் கவசத்துக்காக என் தந்தை ஒரு நாள் கூலியைக் கொடுத்தார். அதை அணிந்தபின் கையைத் தூக்கவே முடியவில்லை. மேடையில் கொலு பொம்மைபோல் நின்றேன்.

நம் மாவட்டத்துப் புரிசை கிராமம் தெருக்கூத்துக்குப் பெயர்பெற்றது. கூத்தில் கர்ணனும் துரியோதனனும் அணியும் கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் யாவும் வீரக் கவசங்கள்தாமே? அவற்றை எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டுவது பழைய வழக்கம். விடிய விடியச் சுழன்றாடுபவருக்குக் கனம் ஆகுமா?

நமக்கு மரம்கூட வேண்டாம். மளிகைக் கடையில் எறியும் அட்டைப் பெட்டி போதும். முதலில் செய்தித்தாளை வெட்டி உடம்பில் வைத்து அளவு பார்க்கவேண்டும். நெளி அட்டை தன் வரிகளின் போக்கில்தான் அழகாக வளையும்; எதிராக வளைத்தால் முறிந்துவிடும். அதன்மேல் மைதாப் பசையால் காகிதம் ஒட்டி, காய்ந்தபின் ஜிகினாத் தாள் ஒட்டலாம். தோள் துண்டை மார்புத் துண்டோடு ஒட்டிவிடாமல் நாடாவால் கட்டுங்கள். கை தாராளமாக உயரும். நான் பட்டறிந்தது இது!

"கவசமெல்லாம் பையன்களுக்கல்லவா?" என்பார்கள். கட்டை வேடத்தையும் ஆண்களுக்கே உரியதென்றுதான் வைத்திருந்தார்கள். காஞ்சிபுரம் அருகே 2002 முதல் 2020 வரை நடந்த கட்டைக்கூத்து குருகுலத்தில் பயின்ற சிறுமியர் அதைக் கட்டி ஆடிக் காட்டினார்கள்.

எங்கள் வீட்டுப் பரணில் இரண்டு பெட்டிகள் எடுத்து வைத்திருக்கிறேன். அப்பாவிடம் இம்முறை நாடாவுக்கு மட்டும்தான் காசு கேட்கவேண்டும்.