கடன் கொடுக்கும் மூச்சு

“மூளை செத்துவிட்டது என்கிறார்கள், நெஞ்சோ ஏறி இறங்குகிறது. என் மகனை எப்படி இறந்தவன் என்பேன்?” சிவகாசிப் பக்கத்துத் தாயார் ஒருவர் நம்மிடம் இவ்வாறு கேட்டார். அன்று நம்மிடம் தெளிவான விடை இல்லை. அதனாலேயே இம்மாதம் இதனை எழுதுகிறோம்.

மூளைத்தண்டு மாண்டபின் மனிதன் தானாக மூச்சு விடுவதில்லை. நெஞ்சை உயர்த்துவது இயந்திரம் செலுத்தும் காற்றே. இதயம் தன் துடிப்பைத் தானே எழுப்புவதால், பிராணவாயு கிடைக்கும்வரை சிறிது காலம் துடிக்கும். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள், ஆறு மணி நேரமேனும் இடைவெளிவிட்டு இருமுறை சோதித்தே மரணத்தை உறுதி செய்கின்றனர். உறுப்பைப் பொருத்துவோர் அக்குழுவில் இருத்தலாகாது. மரண வேளையைத் தீர்மானிப்பது மருத்துவரின் பொறுப்பு என்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-இலேயே கூறினார். இரண்டாம் அருள் சின்னப்பர் 2000-ஆம் ஆண்டில் உரோமையில் கூடிய அறுவை மருத்துவர்களிடம், மூளை மரண அளவுகோலை ஏற்பதில் தடையில்லை என்றார்.

இதயத்தைவிட நுரையீரல் பிடிவாதமானது. வெளிக்காற்றோடு உறவாடும் உறுப்பாதலால் எளிதில் கிருமி பற்றும். 1963-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹார்டி முதலில் பொருத்தியபோது நோயாளி 18 நாட்களே வாழ்ந்தார். இருபது ஆண்டுகள் கழித்தே டொராண்டோவில் ஜோயல் கூப்பர் வெற்றி கண்டார். ஈயப்பட்ட நுரையீரல்களில் பெரும்பாலானவை பயன்படாமற் போவதைக் கண்டு, அதே நகரத்தார் அவற்றை உடலுக்கு வெளியே, உடற்சூட்டில், நான்கு மணி நேரம் மூச்சுவிடச் செய்து சோதித்தனர். அவ்வாறு தேறியவை பொருத்தப்பட்டோர் மற்றவர்களுக்குக் குறையாமல் நலம் பெற்றதை 2011-இல் வெளியிட்டனர். நம் சென்னையிலும் 1999-இல் டாக்டர் கே. எம். செரியன் இதயத்தையும் நுரையீரலையும் ஒருசேர மாற்றினார்.

(கந்தகமும் அலுமினியத் தூளும் நாள்தோறும் உள்ளே போகும் நம் வட்டார நெஞ்சுகளுக்கு மாற்று நுரையீரல் விடையன்று, முகமூடியும் காற்றோட்டமுமே முதல் தேவை.)

அந்தத் தாயார் சம்மதிக்கவில்லை. அவரைக் குறைகூற நமக்கு மனமில்லை. நள்ளிரவில், மருத்துவமனைத் தாழ்வாரத்தில், முதன்முறையாகக் கேட்கத்தக்க கேள்வியன்று அது. உயிரோடிருக்கையில் ஒருவர் உறுதிமொழி எழுதியிருந்தாலும், அவ்வேளையில் உறவினரையே கேட்கின்றனர்.

சென்ற ஞாயிறு பூசைக்குப்பின் நம் இல்லத்தில் இதைப் பேசினோம். முதலில் இசைந்தவர் பாட்டியாரே. “உயிர்த்தெழும் நாளில் கண் வேண்டாமா?” என்று மட்டும் இருமுறை கேட்டார்கள்.