பொறுத்துக்கொண்டே இருப்பதுதான் குடும்பமா?

சிவகாசியை ஒட்டியுள்ள ஊர் விஸ்வநத்தம். பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும் சோறு போடும் வட்டாரம் அது. பொழுது விடிந்ததும் பெண்கள் தூக்குச்சட்டியில் சோற்றை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். குழாய் உருட்டுவார்கள். திரி வைப்பார்கள். சரம் பின்னுவார்கள். சிலர் தீப்பெட்டி ஆபீசுக்குப் போவார்கள். சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது 1923-ல். ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக இந்த வட்டாரத்துப் பெண்கள் சம்பாதிக்கிறார்கள்.

சம்பாதிக்கும் பெண்ணுக்கு வீட்டில் கொடுமை நடக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியா? இந்தக் கேள்விக்கு ஒரு தமிழ்ப் படம் பதில் சொல்கிறது. அதன் பெயர் "அவர்கள்". கே. பாலசந்தர் எழுதி இயக்கிய அந்தப் படம் 1977-ல் வெளிவந்தது.

படத்தின் கதை

கதாநாயகி அனு. சுஜாதா நடித்தார். அவளுக்கு வாய்த்த கணவன் ராமநாதன். ரஜினிகாந்த் நடித்தார். பின்னாளில் ஊர் கொண்டாடிய கதாநாயகன் அந்தப் படத்தில் கொடுமைக்காரக் கணவன்!

ராமநாதன் குடித்துவிட்டுத் தெருவில் புரளுபவன் அல்ல. படித்தவன், நல்ல வேலையில் இருப்பவன். நாலு பேர் நடுவில் சிரித்துப் பேசுவான். வீட்டுக்குள் வந்தால் சொல்லாலேயே சுடுவான். அனு கல்யாணத்துக்கு முன் பரணி என்பவனை விரும்பினாள். அது கைகூடவில்லை. ராமநாதனுக்கு அது தெரியும். தெரிந்துதான் மணந்தான். பிறகு அதையே சொல்லிச் சொல்லி அவளைக் குத்துகிறான். மனைவி துடிப்பதைப் பார்ப்பதில் அவனுக்கு ஓர் ஆனந்தம்.

அனு ஒருநாள் விலகுகிறாள். விவாகரத்துப் பெற்று, கைக்குழந்தையோடு சென்னையில் வேலை பார்க்கிறாள். அங்கேயும் அவன் வருகிறான். திருந்திவிட்டதாகச் சொல்கிறான். அவள் நம்புகிறாள். கடைசியில் அதுவும் வேஷம் என்று தெரிகிறது.

சம்பளம் மட்டும் போதுமா?

அனு வேலைக்குப் போனாள். சம்பளம் வாங்கினாள். ஆனாலும் அவன் விடவில்லை. விஸ்வநத்தத்துப் பெண்ணுக்கும் இது பொருந்தும். கூலி வாங்குவது அவள் கை. அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது? "சம்பாதிக்கிற திமிரா?" என்ற ஒரு சொல்லில் எத்தனை பெண்கள் வாயடைத்துப் போகிறார்கள்!

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு ஓர் உண்மையைச் சொல்கிறது. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். தெருவில் பத்து வீடு இருந்தால் மூன்று, நான்கு வீட்டில் இது நடந்திருக்கிறது. வெளியே கேட்பதில்லை; அவ்வளவுதான்.

பழமொழி செய்த தீமை

"கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்" என்று பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தோம். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்றோம். அடித்த கை அணைத்தால், அடித்தது இல்லாமல் போய்விடுமா? ஆணைப் பார்த்து, "மனைவியும் மனுஷிதான்" என்று சொல்ல ஒரு பழமொழி நம் நாவில் வருவதில்லை.

வீட்டுக்குப் பயந்து தாய் வீட்டுக்கு வருகிறாள் மகள். இரண்டு நாள் சோறு போடுகிறார்கள். மூன்றாம் நாள், "அனுசரிச்சுப் போ தாயி. ஊர் சிரிக்கும்" என்று பஸ் ஏற்றி விடுகிறார்கள். ஊர் சிரிக்கும் என்ற பயம் பெரிதா? மகளின் உயிர் பெரிதா?

பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் கூட்டம் கூடாது. ஓர் அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறார்கள். தீப்பொறி வரக் கூடாது. ஓடித் தப்பும் வழியை அடைக்கக் கூடாது. ஏன்? வெடித்த பிறகு வருந்திப் பயனில்லை. குடும்பத்துக்கும் அதுதான் நியாயம். தப்பும் வழியை முதலில் அடைப்பது பெற்றவர்களாகவே இருந்தால், அந்தப் பெண் எங்கே போவாள்?

சட்டம் என்ன சொல்கிறது?

இந்து திருமணச் சட்டம் வந்தது 1955-ல். அதில் கொடுமையைக் காரணம் காட்டித் தனித்து வாழத்தான் வழி இருந்தது. 1976-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். கொடுமைக்காக விவாகரத்தே கேட்கலாம் என்று ஆயிற்று. அடுத்த ஆண்டுதான் "அவர்கள்" வந்தது!

2005-ல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. 2006 அக்டோபரில் அமலாயிற்று. அடித்தால் மட்டும் குற்றம் அல்ல. இழிவாகப் பேசி மனத்தை வதைப்பதும் வன்முறை. செலவுக்குப் பணம் தராமல் வதைப்பதும், அவளுடைய வருமானத்தையும் நகையையும் பறிப்பதும் வன்முறை. "என் வீட்டை விட்டு வெளியே போ" என்று கணவன் துரத்த முடியாது. அவள் வாழ்ந்த வீட்டில் தங்க அவளுக்கு உரிமை உண்டு. வக்கீலுக்குப் பணம் இல்லையா? பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 181 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் உதவி கேட்கலாம்.

பிள்ளைகள் கதி என்ன?

"பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். சின்னச் சண்டைக்கெல்லாம் வீட்டை விட்டு வெளியேறுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. புருஷன் பெண்சாதி என்றால் மனத்தாங்கல் வரும், போகும். ஆனால் தினமும் தாய் வதைபடுவதைப் பார்த்து வளரும் பையன் என்ன கற்றுக்கொள்வான்? நாளைக்கு அவனும் கையை ஓங்குவான். மகள் என்ன கற்றுக்கொள்வாள்? குனிந்து அடி வாங்குவாள். பிள்ளைகளுக்காகப் பொறுத்தது பிள்ளைகளையே கெடுக்கும்.

இன்னொன்று. திருந்திவிட்டேன் என்று அழுகிறவனை உடனே நம்பிவிடக் கூடாது. புடவையும் பூவும் திருந்தியதற்கு அடையாளம் அல்ல. குடியை விட்டானா? கூலியைப் பிடுங்காமல் இருக்கிறானா? கோபம் வந்தபோதும் கையை அடக்கினானா? அதைப் பல மாதம் பார்க்க வேண்டும். அனு பார்க்கத் தவறியது அதைத்தான்.

மாமியார் தந்த பாடம்

படத்தில் அனுவுக்குக் கடைசிவரை துணை நின்றவர் யார் தெரியுமா? காதலித்த பரணி அல்ல. அவளையே நினைத்து உருகிய ஜனார்த்தனும் அல்ல. ராமநாதனைப் பெற்ற தாய்! மகன் செய்த பாவத்துக்குப் பரிகாரமாக, மருமகள் வீட்டில் ஆயாவாக இருந்து பேரக் குழந்தையை வளர்க்கிறாள். மகனாயிற்றே என்று அவள் தப்பை மறைக்கவில்லை.

அனு பட்டணத்தில் வேலை தேடிக்கொண்டாள். எல்லாப் பெண்ணுக்கும் அது முடியாது. ஆனால் ஒரு மாமியார் நியாயத்தின் பக்கம் நிற்க முடியும். ஒரு தகப்பன், "உனக்கு இந்த வீட்டுக் கதவு எப்போதும் திறந்திருக்கும் அம்மா" என்று சொல்ல முடியும். பக்கத்து வீட்டு அக்கா சத்தம் கேட்டதும் கதவைத் தட்ட முடியும். கூலிப் பணம் அவள் பெயரிலேயே பாங்கிக் கணக்கில் சேர வழி செய்ய முடியும்.

இதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டாம். "அது அவர்கள் வீட்டு விஷயம்" என்று சொல்லி ஒதுங்காமல் இருந்தால் போதும்.