அகன்ற டயரும் எம் ஊர்ப் பாதையும்

காரைக்குடியிலிருந்து கோட்டையூர், பள்ளத்தூர் பக்கம் செல்வோர்க்குத் தார்ச்சாலை மட்டும் போதாது. ஊருணிக்கும் கண்மாய்க்கரைக்கும் பிரிகின்ற செம்மண் பாதைகளும் சரளைப் பாதைகளும் நாள்தோறும் வேண்டப்படுவன. ஆயினும் ஹைபிரிட் சைக்கிள் வாங்கப் புகும் மாணவர், டயர் மெலிந்தால் வேகம் மிகும் என்று கருதி, 32 மில்லிமீட்டரும் அதனிற் குறைந்ததுமே நாடுகின்றனர். இக்கருத்துப் பிழையென்பதே எம் துணிபு.

யாமும் அவ்வாறு எண்ணி ஏமாந்தவரே. சென்ற விடுமுறையில் சரளைப் பாதையொன்றில் விரைந்தபோது, கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே டியூப் நசுங்கி, இணையாக இரு துளை பட்டது. நான்கு கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு சேர்ந்தோம். ஒருமுறை வாங்கித் தந்த தந்தையாரிடம் மறுமுறை வாய் திறக்கும் துணிவு எமக்கு இல்லை.

பெல்பாஸ்டு நகரத்து டன்லப் என்பார் தம் மகனுடைய மூன்றுசக்கர வண்டி குலுங்காதிருத்தற்கன்றோ காற்றடைத்த டயரை ஆக்கி, 1888-ஆம் ஆண்டில் அதற்கு உரிமம் பெற்றார்! மெல்லிய டயரில் காற்றை இறுக நிரப்பவேண்டும். நிரப்பினால் ஒவ்வொரு பரலிலும் வண்டியும் ஆளும் மேலெழும்பி விழ, மிதித்த வலியெல்லாம் அக்குலுக்கத்திற் கழியும். அகன்ற டயரோ குறைந்த காற்றுடன் பரலைத் தன்னுள் வாங்கிக்கொண்டு உருளும். வழுவழுப்பான சாலையிற் பந்தயம் விடுவார்க்கு மெல்லியதே தக்கது. எடையும் குறைவு, எதிர்க்காற்றின் தடையும் குறைவு. எம் ஊரில் அப்பந்தயம் இல்லை.

நிற்க. அகலம் ஒன்றே எல்லாவற்றையும் தீர்க்கும் என்பாரோடும் யாம் உடன்படோம். சீமைக்கருவேல முள்ளுக்கு 32-உம் ஒன்றே, 40-உம் ஒன்றே. அதனைத் தடுக்க உள்ளே தடித்த காப்புப் பட்டை பொதிந்த டயர் வேண்டும். ஃபோர்க்கின் இடுக்கிலும் மட்கார்டின் கீழும் ஆறு மில்லிமீட்டரேனும் இடம் உண்டா என்று அளந்து பார்த்தலும் இன்றியமையாதது. இன்றேல் ஐப்பசி மழையிற் செம்மண் சேறு அடைத்துச் சக்கரம் நின்றுவிடும்.

பள்ளத்தூரைப் பூர்வீகமாக உடைய முருகப்பர் குடும்பத்தார் 1949-ஆம் ஆண்டில் டி.ஐ. சைக்கிள் நிறுவனத்தைத் தொடங்கி, அம்பத்தூரில் தொழிற்சாலை நடத்தினர். பாட்டனார் காலத்துக் கறுப்பு வண்டியின் டயர் அகலம் ஒன்றரை அங்குலம். அஃதாவது ஏறக்குறைய 38 மில்லிமீட்டர். யாம் கேட்பதும் அவ்வகலமே. புதுமை யாதும் இல்லை. ஆனால் அந்த டயரையே வாங்கி ஹைபிரிட் வண்டியில் மாட்ட இயலாது. இரண்டையும் '28 அங்குலம்' என்றே வழங்குவர். எனினும் பழையது ரிம்மில் அமரும் விட்டம் 635 மில்லிமீட்டர், ஹைபிரிட்டுக்கு 622. டயரின் பக்கத்தில் 38-622 என அச்சிட்டிருப்பதைப் படித்தே பணம் கொடுத்தல் வேண்டும்.

எம் வண்டியின் ஃபோர்க்கை அளந்துவிட்டோம். 38 தடையின்றி நுழையும். அடுத்த விடுமுறைக்குள் அதனை மாட்டிக்கொண்டு, தள்ளி வந்த அப்பாதையிலேயே மீண்டும் செல்லக் கருதியுள்ளோம்.